ஐந்தாம் பக்கம்

குடை கட்டுகிற கூடத்துக்குக் காலை ஒன்பதேகாலுக்குப் பேப்பர் வரும். கதவுக்கு அடியில் அது சறுக்கி விழும் சத்தம் கேட்டதும் இருபத்திரண்டு பெண்களும் ஊசியில் புதுநூல் கோத்துக்கொள்வார்கள். பாதியில் நூல் தீர்ந்து எழுந்து போனால் செய்தியும் பாதியில் போய்விடும் அல்லவா.

துணி வெட்டுவது, ஓரம் அடிப்பது எல்லாம் மாடியில். கீழே மெஷின் கிடையாது. கம்பிக்கூட்டை மடியில் கவிழ்த்து, துணியைப் போர்த்தி, ஒவ்வொரு கம்பியிலும் மூன்று இடத்தில் நூலால் கட்ட வேண்டும். எட்டுக் கம்பிக்கு இருபத்துநான்கு கட்டு. கைக்கு ஓயாத வேலை, காதுக்கு ஒரு வேலையும் இல்லை. அதற்காகத்தான் தங்களில் ஒருத்தியைப் படிக்க உட்காரவைத்தார்கள். அவள் படிக்கிற நேரத்துக்கு ஈடாக மற்றவர்கள் ஆளுக்கு ஒரு குடையை அவள் பங்குக்குக் கட்டிக் கொடுப்பார்கள். மேஸ்திரிக்குச் சாயங்காலம் மொத்தக் குடையும் வந்து சேர்ந்தால் போதும்.

அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்தவள் கத்திரி. கட்டி முடித்த குடையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நறுக்குவது கத்திரியின் வேலை. நாக்கும் அதே பதம். பழக்கத்தில் ரேடியோவின் கணவன்கூட வீட்டில் அவளை அப்படிக் கூப்பிட ஆரம்பித்திருந்தான்.

படிப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் வானிலை. மழை என்றால் கூடத்துக்கு வேலை நிச்சயம். பிறகு முதல் பக்கம். பிறகு விலைவாசி. பிறகு ஐந்தாம் பக்கம், அதாவது அரசு அறிவிப்பு, கோர்ட்டு, விபத்து. கடைசியாக சினிமா. போட்டிருப்பதைப் போட்டிருப்பது போலவே படிக்க வேண்டும். அர்த்தம் கேட்பதும் சண்டை போடுவதும் அப்புறம்.

"'தொலைபேசியில் வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்கு இனி இயந்திரமே பதில் அளிக்கும். நான்காயிரம் பேர் வேலை இழப்பு.'"

"மெஷின் எப்படிடி பேசும்?" என்றாள் கத்திரி.

"மனுஷங்க பேசினதை எல்லாம் கேட்டுக் கேட்டுக் கத்துக்கிச்சாம்."

"எங்க வீட்டுக்காரரும்தான் முப்பது வருஷமா நான் பேசறதைக் கேக்கறாரு. ஒரு வார்த்தை கத்துக்கல."

கூடம் குலுங்கியது. சிரிக்காதவள் குமிழக்கா மட்டும். கம்பி நுனியில் சின்ன உலோகக் குமிழ் மாட்டுகிறவள், எல்லோருக்கும் மூத்தவள், ஓரத்து ஜன்னலடியில் உட்காருகிறவள்.

"அது குடை கட்டுமா?" என்று கேட்டாள்.

"அதுக்கு விரல் வேணுமேக்கா."

"விரலும் செஞ்சுட்டாங்களா? நல்லாப் பாத்துச் சொல்லு."

ரேடியோ மறுபடியும் மேலிருந்து கீழே பார்த்தாள். "விரலைப் பத்திப் போடலை."

"போடலைன்னா இல்லை," என்று குமிழக்கா தலையைக் குனிந்து அடுத்த குமிழை எடுத்துக்கொண்டாள்.

வீடுகளில் டிவி இல்லாமல் இல்லை. போனும் இருந்தது. ஆனால் டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். போனில் வருவதில் எது நடந்தது, எது எவனோ கட்டிவிட்டது என்று கண்டுபிடிக்க முடியாது. குழாய்த் தண்ணீரில் விஷம் என்று போன மாதம் ஒரு தகவல் வந்தது. பாதிப் பேர் தொட்டியைத் திறந்துவிட்டுக் கழுவினார்கள். விஷம் இல்லை. தண்ணீரும் மூன்று நாளைக்கு இல்லை. அதற்குப் பிறகு, ரேடியோ படித்தால்தான் செய்தி என்று ஆகிவிட்டது.

அந்த அறிவிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. ஐந்தாம் பக்கத்தின் அடியில், தீப்பெட்டி அகலம். வெளியே மழை பிடித்திருந்தது. ஈரத்தில் நூல் உப்பி, ஊசிக்காதில் நுழையாமல் எல்லோரையும் படுத்திக்கொண்டிருந்தது. சத்தமாகப் படிக்கிறவர்களுக்குக் கண் எப்போதும் வாய்க்கு ஒரு வரி முன்னால் ஓடும். அவள் வாய் ஒரு லாரி விபத்தில் இருந்தபோது கண் அந்த அறிவிப்பைத் தொட்டது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்து குடியேறி, பிறப்புச் சான்று இல்லாமல் இருப்பவர்கள் அனைவரும் அடுத்த வாரம் வியாழக்கிழமைக்குள் பதிவு அலுவலகத்தில் பெயர் எழுதிக்கொள்ள வேண்டும். தவறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.

லாரி விபத்து முடிந்தது. நாக்கு தானாகவே அறிவிப்பைத் தாண்டிப் போய் ஒரு நடிகையின் விவாகரத்தில் நின்றது.

அவள் கணவன் அக்கரையில் பிறந்தவன். நாலு வயதில் தாயின் இடுப்பில் உட்கார்ந்து ஆற்றைக் கடந்தவன். கூடத்தில் இது ஒருவருக்கும் தெரியாது. கல்யாணத்தின்போதே அவளிடம் அவன் சொன்ன முதல் ரகசியம் அதுதான். அவளும் பத்து வருஷமாக அதைக் கட்டிக் காத்திருந்தாள். ஸ்டேஷன் பக்கம் கடைகள் எரிந்தபோது கத்திரி, "எல்லாம் அக்கரைக்காரனுங்க வேலைதான்டி. இருக்க எடம் குடுத்தா இதுதான் நடக்கும்," என்று சொல்லி நூலை நறுக்கியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இதைப் படித்தால் பேச்சு அங்கேதான் போகும். நம்மில் யாராவது இருக்கிறார்களா என்று யாராவது விளையாட்டுக்குக் கேட்பார்கள். அப்போது தன் முகம் தன் பேச்சைக் கேட்காது என்று அவள் பயந்தாள்.

சாயங்காலம் வீட்டில் அத்தை உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். ஒற்றை அறை, மறைப்புக்கு அந்தப் பக்கம் அடுப்பு. கணவன் லிஃப்ட் மெக்கானிக். கையிலிருந்த கிரீஸைச் சோப்பும் மணலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் அறிவிப்பை ஒரு சொல் பிசகாமல் மனப்பாடமாகச் சொன்னாள்.

அத்தையின் கத்தி நின்றது. "எழுத வேணாம்."

"அம்மா, முழுசாக் கேளு."

"கேட்டாச்சுடா. அந்தப் பக்கமும் இப்படித்தான் சொன்னாங்க. பேரை எழுதுங்க, அரிசி தர்றோம்னாங்க. உங்கப்பாதான் முத ஆளாப் போயி எழுதிக் குடுத்தாரு. கையெழுத்து அழகா இருக்குன்னு எழுதறவன் சொன்னானாம், வீட்டுக்கு வந்து பெருமையாச் சொன்னாரு. அந்த லிஸ்ட்டை வச்சுக்கிட்டுத்தான் லாரி வந்துச்சு. பேரை எழுதாதவங்கதான் நாம. இருக்கோம்."

"அது அந்த ஊரு. அந்தக் காலம்."

"பேனா ஒண்ணுதான்டா."

"இங்க எழுதாதவங்க மேலதான் நடவடிக்கைன்னு போட்டிருக்கு."

"நடவடிக்கைன்னா என்ன?" அத்தை மருமகளைப் பார்த்தாள். "நீதானே ஊருக்கெல்லாம் அர்த்தம் சொல்றவ. சொல்லு."

அவளுக்குச் சொல்ல வரவில்லை. வட்டி ஏறினால் அரிசி விலை ஏன் ஏறும் என்று கூடத்தில் சொல்லியிருக்கிறாள். இரண்டு கட்சிகள் ஏன் கூட்டுச் சேர்ந்தன என்று சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதே தான் சொல்வது சரிதானா என்று ஒரு சந்தேகம் உள்ளே ஓடும். வெளியே காட்டிக்கொண்டதில்லை. இந்த ஒரு சொல் மட்டும் மூடின கதவு மாதிரி நின்றது.

"அபராதமா இருக்கலாம். வேலையை விட்டு எடுக்கிறதா இருக்கலாம்," என்றாள்.

"இருக்கலாம், இருக்கலாம். கிழங்கு வெந்திருக்கலாம், சாப்பிடுங்க," என்று அத்தை எழுந்து போய்விட்டாள்.

ஒவ்வொரு சாயங்காலமும் அதே பேச்சு. சோறும் கிழங்கும் தட்டில் ஆறிப்போகும். ஆறு கட்டடத்து லிஃப்டுக்கும் தான்தான் கையெழுத்துப் போடுவதாகவும், நாளைக்கு எவனாவது சீட்டு எங்கே என்று கேட்டால் தன்னை நம்பி அதில் யார் ஏறுவார்கள் என்றும் அவன் சொன்னான். அத்தை பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

கூடத்தில் அறிவிப்பு தினமும் அதே பக்கத்தில் வந்தது. முதல் நாள் நாக்கு தானாகத் தாண்டியது. இரண்டாம் நாள் அவள் தாண்டினாள். மூன்றாம் நாளிலிருந்து பேப்பரைக் கையில் எடுத்ததும் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டு, அந்த இடம் வரும்போது இருமுவாள். ஞாயிறு நீங்கலாக ஒன்பது நாள். கத்திரி அவளுக்கு மிளகு போட்ட வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கடைசி நாளுக்கு முந்திய நாள், புதன்கிழமை, கணவன் லீவு போட்டுவிட்டுப் போய் எழுதிவிட்டு வந்தான். ரோஜா நிறச் சீட்டு ஒன்று கொடுத்திருந்தார்கள்.

"பத்து விரலையும் வச்சேன். அப்புறம் ஒரு மெஷின் என் கண்ணைப் பாத்துச்சு. பாத்துட்டு 'நன்றி'ன்னுச்சு," என்றான். சிரித்தானே தவிர, அன்று முழுவதும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

அத்தை போகவில்லை. சீட்டைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பேப்பர் வருவதற்கு முன்னால் மேஸ்திரி வந்தார். நல்ல மனிதர்தான். கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தால் நின்றபடியே சொல்லிவிட்டுப் போய்விடுவார். அன்று ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"முதலாளி கேக்கச் சொன்னாரும்மா. நம்ம கூடத்துல அக்கரைக்காரங்க யாராச்சும் இருந்தா திங்கக்கிழமை பதிவுச் சீட்டைக் கொண்டுவந்து காட்டணும். இல்லாதவங்க வேலைக்கு வரக்கூடாது. நேத்தோட கெடு முடிஞ்சுபோச்சு. இனிமே பேரு எழுத முடியாது."

"எந்தக் கெடு?"

கேட்டவள் குமிழக்கா. மடியிலிருந்த குமிழ் டப்பாவை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"பத்து நாளா அறிவிப்பு இருந்துச்சாமேக்கா."

"எங்க இருந்துச்சு? எனக்குத் தெரியாதே. நான்... நான் அந்தப் பக்கம்தான் தம்பி. பதினாறு வயசுல வந்தேன்."

ஊசிகள் நின்றன. ரேடியோவுக்கு ஜன்னலடியில் உட்கார்ந்திருந்த அந்த முகத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஒன்பது வருஷமாக எதிரெதிரே உட்காருகிறார்கள். அவளும் ஒரு ரகசியத்தைக் கட்டிக் காத்துக்கொண்டு, பக்கத்திலேயே இருந்திருக்கிறாள்.

முதலில் பேசியது கத்திரி. "யாரு, நம்ம குமிழக்காவா? அவங்க அக்கரைக்காரியா?" குரல் உயர்ந்தது. ஆனால் ரேடியோ பயந்த பக்கம் போகவில்லை. "அப்படியே இருக்கட்டுமே! சொன்னாத்தானேய்யா எழுதுவாங்க? தினம் ஒரு வரி விடாமப் பேப்பரைப் படிச்சுக் கேக்கறோம். இருபத்திரண்டு பேரு சாட்சி. அறிவிப்புன்னு ஒண்ணு வரவே இல்ல. போடாமலே போட்டோம்னு சொல்லி ஏமாத்தறானுங்க!"

"ஆமா, ஆமா. போட்டிருந்தா நம்ம ரேடியோ படிச்சிருக்காதா?" என்றார்கள்.

"மனு எழுதுவோம். நாங்க எல்லாரும் தினமும் பேப்பர் கேக்கறவங்க, அதுல இப்படி ஒண்ணும் வரலைன்னு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுவோம். அத்தாட்சிக்குப் பத்து நாள் பேப்பரையும் கட்டி எடுத்துட்டுப் போயி அவன் மேசையில போடுவோம். அவனே பிரிச்சுப் பாக்கட்டும்!" கத்திரி எழுந்து மூலைக்குப் போனாள். கைப்பிடிக்குச் சுற்றுவதற்காகப் பழைய பேப்பரை அங்கேதான் அடுக்கி வைப்பார்கள். ஞாயிறு போக, மேலே இருந்த ஒன்பதையும் அள்ளிக்கொண்டு வந்து ரேடியோவின் மடியில் வைத்தாள். "எழுதுடி. உன் எழுத்துதான் நல்லா இருக்கும்."

குமிழக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையில் சந்தேகம் ஒரு துளியும் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மனுவை எழுதிக் கொடுத்துவிடலாம். அலுவலகத்தில் பேப்பரைப் பிரிப்பார்கள். ஐந்தாம் பக்கத்தைத் திருப்புவார்கள். எதிரே குமிழக்கா நிற்பாள், பொய்ச்சாட்சியோடு வந்த அக்கரைக்காரியாக.

அவள் மேலே இருந்த பேப்பரை எடுத்து ஐந்தாம் பக்கத்தைப் பிரித்தாள். படித்தாள். தினமும் படிக்கிற அதே குரல்தான் வந்தது. அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அடுத்த பேப்பர். அதே அறிவிப்பு. அடுத்தது. ஒன்பதையும் தேதி சொல்லிச் சொல்லிப் படித்தாள். நான்காவதிலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இருந்தும் அவள் நிறுத்தவில்லை.

"இருமின," என்றாள் கத்திரி மெதுவாக. "நான் வெந்நீர் போட்டுக் குடுத்தேன்."

"ஏன்?" என்று கேட்டாள் குமிழக்கா.

"என் வீட்டுக்காரரும் அந்தப் பக்கம்தான்க்கா. படிச்சா என் மூஞ்சியிலேயே தெரிஞ்சுபோகும்னு பயந்தேன். நீங்களும்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"அவர் எழுதிட்டாரா?"

"...எழுதிட்டாரு. புதன்கிழமை."

"அப்ப உன் வீட்டுக்கு மட்டும் படிச்சுக்கிட்ட," என்றாள் கத்திரி.

அதற்குமேல் யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருக்கலாம். மேஸ்திரி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பக்கத்தில் ஒருத்தி ரேடியோவின் பங்குக்குக் கட்டிக்கொண்டிருந்த குடையை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். இன்னொருத்தியும் வைத்தாள். குமிழக்கா டப்பாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். தனியாக இருக்கிறவள். இந்தக் கூடம் இல்லாவிட்டால் அவளுக்குப் பகலில் போக ஓர் இடம் கிடையாது.

அப்போதுதான் கதவடியில் பேப்பர் வந்து விழுந்தது. யாரும் நூல் கோக்கவில்லை.

"எடு. அதையும் படி," என்றாள் குமிழக்கா. "வானிலை எல்லாம் வேணாம். நேரா அங்க போ."

அறிவிப்பு அன்று ஐந்தாம் பக்கத்தில் இல்லை. முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். கண் முன்னால் ஓடாமல் இருக்க, ஒவ்வொரு சொல்லின் அடியிலும் விரலை வைத்துக்கொண்டு படித்தாள்.

"'பெயர் பதிவு செய்துகொண்ட அனைவரும் வரும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ரயில் நிலையச் சரக்குக் கொட்டகையில் நேரில் ஆஜராக வேண்டும். பதிவுச் சீட்டுடன் இரண்டு மாற்றுடையும், மூன்று நாட்களுக்குத் தேவையான மருந்தும் கொண்டுவர வேண்டும். குடும்பத்தினர் உடன் வரத் தேவையில்லை.'"

வெளியே மழை வலுத்தது.

"சீட்டைப் பாக்கறதுக்கு மாத்துத் துணி எதுக்குய்யா?" என்று கத்திரி மேஸ்திரியிடம் கேட்டாள். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பப் படி," என்றாள் குமிழக்கா.

படித்தாள். சொற்கள் மாறவில்லை.

குமிழக்கா எழுந்து அவள் அருகில் வந்தாள். அடிப்பாளோ என்று ரேடியோ நினைத்தாள். அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள். குமிழக்கா பேப்பரை அவள் கையிலிருந்து வாங்கி, தனக்குப் படிக்கத் தெரியாத அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மடித்து அவளிடமே கொடுத்தாள்.

"நீ என்னைக் கெடுத்தியா காப்பாத்தினியான்னு திங்கக்கிழமைதான் தெரியும். எதுவா இருந்தாலும் அது நீ நெனச்சுச் செஞ்சதில்ல. அதை மறந்துடாத," என்றாள். "இப்பக் கிளம்பு. உன் வீட்டுக்காரரு வேலை செய்யற எடத்துக்குப் போயி இதைப் படி. ஒரு எழுத்து விடாமப் படி."

கணவன் வேலை செய்துகொண்டிருந்த கட்டடம் நான்கு தெரு தள்ளி இருந்தது. பேப்பரை ரவிக்கைக்குள் செருகி, முந்தானையால் மூடிக்கொண்டு ஓடினாள். குடை எடுத்து வரவில்லை. வாசலில் வாட்ச்மேன் அவள் நனைந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வழிவிட்டான்.

லிஃப்ட் கதவைத் திறந்துவைத்துக் குறுக்கே ஒரு கட்டை கட்டியிருந்தார்கள். உள்ளே பெட்டி இல்லை. உயரமான இருட்டு மட்டும். வெகு மேலே ஒரு கைவிளக்கு அசைந்தது.

"என்னங்க!"

"யாரு? ரேடியோவா? என்னடி இந்நேரத்துல? அம்மாவுக்கு ஏதாவதா?"

"இல்ல. பேப்பர்ல வந்திருக்கு. படிக்கிறேன். கேக்குதா?"

"கேக்குது. படி."

கட்டையைப் பிடித்துக்கொண்டு தலையை நிமிர்த்திப் படித்தாள். சுவர்கள் ஒவ்வொரு சொல்லையும் வாங்கி மேலே அனுப்பின. முடிந்ததும் மேலே எதையோ இரும்பின்மேல் மெதுவாக வைக்கிற சத்தம் கேட்டது.

"ரெண்டு துணின்னா போட்டிருக்கு?"

"ரெண்டு."

"மருந்து?"

"மூணு நாளுக்கு."

"அப்ப மூணு நாள்தான்," என்றான். பிறகு தானே, "மூணு நாளா இருந்தா திரும்பி வர்ற நாளையும் போட்டிருப்பானே. போட்டிருக்கா?"

"போடலைங்க."

மழை கட்டடத்தின் உச்சித் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"ரேடியோ."

"ம்."

"அம்மாகிட்ட இதைப் படிக்காத. வேலையா வெளியூர் போறேன்னு நான் சொல்லிக்கறேன். நீ பாட்டுக்குத் தாண்டிப் போயிடு."

அவள் கட்டையை இறுகப் பிடித்தாள்.

"முடியாதுங்க."

"என்ன?"

"தாண்ட மாட்டேன். சாயங்காலம் நீங்களும் அத்தை பக்கத்துல உக்காருங்க. நான் படிக்கிறேன். அப்புறம் மூணு பேருமா யோசிப்போம். போறதா, வேணாமான்னு."

மேலே கைவிளக்கு அணைந்தது. சிறிது நேரம் கழித்து, இருட்டுக்குள் அவன் ஏணியில் கால் வைத்து ஒவ்வொரு படியாக இறங்கி வரும் சத்தம் கேட்கத் தொடங்கியது.